சாரல் மேல் போட்ட பழி

கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னக் குழியில் நான் திணித்த பஸ் டிக்கெட் இன்னும் அப்படியே இருந்தது. தென்காசியிலிருந்து குற்றாலம் போன டிக்கெட். மை போய்விட்டது, மடிப்பு கலையவில்லை. போன வாரம் உன் மகள் போன் செய்த பிறகுதான் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அதை எடுத்தேன்.

"மாமா, அப்பா பேரு வருத பாட்டு கேசட் பூஞ்சை பிடிச்சிட்டுன்னு சொல்லுவாவ. இப்ப அதையெல்லாம் சுத்தம் பண்ணிக் குடுக்க ஆள் இருக்கு. தூரப் போடாம வச்சிருக்கியளா? வருசத் திதிக்கு எல்லாரும் வருதாவ, போட்டுக் காட்டணும்" என்றாள். பார்க்கிறேன் என்று சொல்லி போனை வைத்தேன்.

நீ கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்தவன். லீவில் வரும்போது மற்றவர்கள் சென்ட் பாட்டிலும் சேலையும் கொண்டுவந்தார்கள்; நீ டிரினிடாட் தீவிலிருந்து கலிப்சோ பாட்டுகளைக் கொண்டுவந்தாய். உன் வடகரை வீட்டு மாடியில் முதல் பாட்டைப் போட்டதும் நான் காலால் தாளம் போட ஆரம்பித்தேன். நீ பட்டென்று நிறுத்திவிட்டாய்.

"ஏலே, ஆடுததுக்கு மட்டும் கேட்டா பாதி போச்சு. அவன் என்ன சொல்லுதான்னு கேளு."

பிறகு ஒவ்வொரு வரியாக ஓடவிட்டு எனக்குப் பொருள் சொன்னாய். விலைவாசியைத் திட்டுகிறான், மந்திரியை நேருக்கு நேர் கேள்வி கேட்கிறான், பக்கத்து வீட்டுக்காரன் மனைவியிடம் உதை வாங்கியதையும் விடுவதில்லை. அத்தனையையும் கல்யாண வீட்டுக் குஷியோடு பாடுகிறான். பாட்டைக் கட்டுபவனும் அவனே, பாடுபவனும் அவனே. துறைமுகத்தில் மூட்டை சுமப்பவன் மேடை ஏறும்போது தனக்குத் தானே ராஜா, பிரபு என்று பட்டம் சூட்டிக்கொள்வான் என்றாய். "எவனும் குடுக்கலேன்னா நாமளே வச்சிக்கிட வேண்டியதுதான்" என்று சிரித்தாய். நம் ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர் முன்வரிசையில் இருப்பவனைக் கிண்டல் செய்வது போலத்தான் இதுவும் என்று நீ சொன்னபோது எனக்கு அந்தத் தீவு பக்கத்தில் வந்துவிட்டது.

அப்படி ஒரு முன்வரிசையில் நீயே உட்கார்ந்திருந்த ஒரு நாளைத்தான் அந்தக் கேசட்டில் பதிந்து வந்தாய். பாடுகிற கூடாரத்தில் ஒரு கிழவர் உன்னைப் பார்த்துப் பேரும் ஊரும் கேட்டார். தென்காசி, பக்கத்தில் குற்றாலம், அருவி, சாரல் என்று நீ அளந்தாய். அந்த நிமிடத்திலேயே உன் பேரை வைத்து அவர் பாட்டுக் கட்டினார். கடலைச் சுற்றிவந்தவன் அருவியைப் பற்றிப் பெருமை அடிக்கிறான். அங்கே குளிக்க வரிசையில் நிற்க வேண்டுமாம். வரிசையில் நின்று குளிக்கிற ஊர்க்காரனுக்கு யாராவது ரம் கொடுங்களப்பா. கூடாரமே சிரித்தது. உன் சிரிப்பும் அதில் தனியாகக் கேட்கும். அதைப் போட்டுக் காட்டும்போதெல்லாம் உன் முகம் சிவந்துபோகும்.

மறுபடி கப்பலுக்குக் கிளம்பும்போது அதை என்னிடம் கொடுத்தாய். "அங்கன உப்புக் காத்துல கெட்டுப் போவும். நீ பத்திரமா வச்சிரு." யாரும் மேலே பதிந்துவிடக் கூடாது என்று முதுகிலிருந்த பிளாஸ்டிக் துண்டை உடைத்தும் வைத்திருந்தாய்.

அந்த சீசனில் குற்றாலத்து விழா மேடையில் நான் ஒரு பாட்டுப் பாடினேன். வானொலியில் ஒலிபரப்புவதாகச் சொன்னார்கள். ஒலிபரப்பு நாள் ஞாயிற்றுக்கிழமை, கடைகள் இல்லை, வீட்டில் வெறும் கேசட் இல்லை. உடைந்த குழியில் டிக்கெட்டை மடித்துத் திணித்தால் பதியும் என்று எனக்குத் தெரியும். உன் பாட்டைத் தாண்டி ஓடவிட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன். அவசரத்தில் சரிபார்க்கவில்லை. அப்படிச் சொல்வதுகூட சப்பைக்கட்டுதான். என் குரலைக் கேட்கிற ஆசை, வேறொன்றுமில்லை. மறுநாள் போட்டுப் பார்த்தால் கிழவரும் இல்லை, கூடாரமும் இல்லை, நீயும் இல்லை. நான் பாடிக்கொண்டிருந்தேன், சுமாராக.

நீ அடுத்த லீவில் வந்து கேட்டபோது என் வாய் தானாகப் பேசியது. "சாரல் ஈரத்துல பூஞ்சை பிடிச்சிட்டுலே." நான் இருக்கும் மேலகரத்தில் அப்பளமும் தீப்பெட்டியும் நமத்துப்போகிற மாதம் அது; யார்தான் நம்ப மாட்டார்கள்? நீ என் தோளைத் தட்டினாய். "போட்டும் விடு. நீ என்ன செய்வ?" அந்தத் தட்டலை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்லியிருக்கலாம் நீ.

அதன் பிறகு எத்தனை சீசன் சேர்ந்து குளித்திருக்கிறோம். சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வரும். அருவிச் சத்தத்தில் கேட்காது என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொள்வேன். ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில் அருவிச் சத்தம் எதுவும் இல்லை. அப்போதும் சொல்லவில்லை.

நேற்று வடகரைக்குப் போய் உன் மகளிடம் கேசட்டைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவள் டிக்கெட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"சாரல் விழும்போதெல்லாம் அப்பா திட்டுவாவ மாமா. 'என் பாட்டைத் தின்னுட்டியே'ன்னு. நாங்க விளையாட்டுக்குச் சொல்லுதாவன்னு நெனச்சோம்."

எந்த ஊர்ச் சாரலைப் பற்றிக் கடல் தாண்டிப் போய்ப் பெருமை பேசினாயோ, அதையே உன்னைத் திட்டவைத்திருக்கிறேன். தலை நிமிரவில்லை எனக்கு.

"பாட்டு ஞாபகம் இருக்கா?" என்றாள். ஒரு வார்த்தை மறக்கவில்லை. குற்றம் செய்தவனுக்கு மறதி எங்கிருந்து வரும்? அவள் போனை என் முன்னால் நீட்டிப் பிடித்தாள். கிழவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, இழுத்த இடத்தில் இழுத்து, உன் பேர் வரும் இடத்தில் உன் பேரைச் சொல்லிப் பாடி முடித்தேன். அதைத்தான் திதியன்று போடப்போகிறாளாம்.

அன்று என் குரலால் உன் பேரை அழித்தேன். இனி அந்தப் பாட்டில் உன் பேரைக் கேட்க உன் பிள்ளைகளுக்கு என் குரலைத் தவிர வேறு வழியில்லை.