மோதத்தான் அனுப்பினார்கள்

17.11.2008, திங்கள்

வெள்ளி இரவு இந்தியாவின் கலம் ஒன்று நிலாவில் போய் மோதியது. மோதவென்றே அனுப்பியது. விழுந்துகொண்டே படம் பிடித்து, அளவெடுத்து அனுப்பிவிட்டு நொறுங்கியது. தரம் ஒன்பதுக்கு முழுப் பாடவேளையும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

ஸ்டாஃப் ரூமில் கணிதம் எடுக்கும் குகநேசன் சேர், "உங்கட இந்தியாவின்ர சாமான் விழுந்து உடைஞ்சு போச்சாமே டீச்சர்," என்றார். எது எங்கட? மலையகத்து ஆள் என்றால் உடனே இந்தியாக்காரியா? நான் பிறந்தது கண்டி ஆஸ்பத்திரியில், இருப்பது குண்டசாலையில். இந்தியாவை டீவியில்தான் பார்த்திருக்கிறேன்! வேண்டுமென்றே மோதவிட்டது என்று விளக்கினேன். "ஆரும் வேணுமெண்டு உடைப்பினமோ?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

22.11, சனி

வயிறு எரியுது. விஞ்ஞான வினாவிடைப் போட்டி, வென்றால் கொழும்பில் இறுதிச் சுற்று. என் மாணவி றலியா கடைசிக் கேள்விவரை சமமாக நின்றாள். கேள்வி: அந்தக் கலம் ஏன் நொறுங்கியது? நொறுங்கத்தான் அனுப்பினார்கள் என்றாள். பிழையாம்! வேகக் கட்டுப்பாட்டில் கோளாறாம். அடுத்த பாடசாலைப் பிள்ளை கோளாறு என்று சொல்லி ஜெயித்தது. கேள்வி போட்டவர், நடுவர் கதிரையில் இருந்தவர் — நம்ம குகநேசன் சேரேதான்.

போய்க் கேட்டேன். நம்ம பிள்ளை என்பதற்காகப் புள்ளி போட முடியாதாம், அவர் நடுநிலையானவராம். நடுநிலை, மண்ணாங்கட்டி! கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் றலியா கொப்பியைத் திறந்து அந்தப் பாடத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லித்தானே தோற்றாள்?

24.11

பத்திரிகைச் செய்தியை வெட்டி எடுத்துக்கொண்டு பாடசாலை அதிபரிடம் போனேன். வாசித்தார். "விடுங்க டீச்சர். நீங்க இந்தியாவுக்குப் பரிஞ்சு பேசுறதா நினைப்பாங்க." நான் பேசியது றலியாவுக்காக. யாருக்காவது காது இருக்கா?

25.11

அந்தத் துண்டைக் குகநேசன் சேரின் கதிரையில் வைத்துவிட்டு வந்தேன். வாசிக்கட்டும்.

01.12, திங்கள்

காலைக் கூட்டத்தில் குகநேசன் சேர் பேச்சு. எதைப் பற்றி? நிலாவில் கலங்களை மோதவிட்டு ஆராயும் முறை பற்றி! அமெரிக்காவும் முன்பே செய்ததாம், இவருக்கு எப்போதோ தெரியுமாம். என்ன நெஞ்சழுத்தம்! பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார். றலியா கையை உயர்த்தினாள்.

"சேர், அப்ப நான் சொன்ன விடை சரிதானே?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார். யாரும் சிரிக்கவில்லை.

"ஓம்," என்றார் கடைசியில். "சரிதான்."

கூட்டம் கலைந்ததும் அதிபர் அவரை உள்ளே கூட்டிப்போய், போட்டி நடத்தியவர்களுக்குத் தானே போன் எடுத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, றலியாவின் வாப்பாவிடம் பேசச் சொன்னார். கொழும்புக்கு றலியாவும் அந்தப் பாடசாலைப் பிள்ளையும், இரண்டு பேருமே போகிறார்களாம்.