வெள்ளிக்கிழமை மசால் வடை

குடிகாடு,
ஞாயித்துக்கிழமை சாயங்காலம்.

கர்த்தருக்குள் அன்பான மகன் இளவரசுக்கு அம்மா எழுதறது. இங்க நானும் உங்க அப்பாவும் ஆண்டவர் கிருபையில சுகமா இருக்கோம், அப்பாவோட முட்டி வலி மட்டும் கிருபைக்குள்ள வராம தனியா நிக்குது. நீயும் அந்த ஊர் குளுர்ல சளி காய்ச்சல் இல்லாம இருக்கணும்னு தினமும் கேட்டுக்கறோம். போன் இருக்கறப்ப எதுக்கு லெட்டர்னு நீ நெனைக்கலாம். போன்ல பேசுனா பாதியில உங்க அப்பா வாங்கி ஜெபம் பண்ண ஆரம்பிச்சுடறாரு, அவரு ஆமென் சொல்றதுக்குள்ள உனக்கு ட்யூட்டிக்கு நேரமாயிடுது, நான் சொல்ல வந்தது தொண்டையிலயே நின்னுடுது. உன் ரூம்ல இருக்கற லால்பேட்டை யாசர் லீவு முடிஞ்சு போலந்துக்குத் திரும்பறானாம், நேத்து வந்து பாத்துட்டுப் போனான், நல்ல புள்ள. அவன் பையில எலுமிச்சங்கா ஊறுகாயோட இதையும் வச்சு அனுப்பறேன். ஊறுகா ஒழுகுனா மேல ஒரு பக்கம் கீழ ஒரு பக்கம் வீணாப் போவும், அதனால முக்கியமானத நடுவுல எழுதறேன்.

வீட்டு விஷயம் பெருசா ஒண்ணும் இல்ல. மொட்டமாடி ஒழுகறத அடைச்சாச்சு, இப்ப வேற எடத்துல ஒழுகுது. முருங்க மரம் காத்துல சாஞ்சிடுச்சு, சாஞ்சபடியே காய்க்குது. சிதம்பரத்துல உன் சித்தி எழிலரசி மூத்த பொண்ணுக்கு வரன் பாக்கறாங்க, மாப்பிள்ளைக்கு எல்லாம் நல்லா இருக்காம், பேசத்தான் மாட்டேங்கறாராம், அது நல்லதா கெட்டதான்னு முடிவு பண்ண முடியாம நிக்கறாங்க.

போன மாசம் நீ போன்ல ஒண்ணு சொன்ன, ஞாபகம் இருக்கா. அந்த ஊர் மாதா கோயிலுக்குப் போனா எல்லாம் அவுங்க பாஷையில நடக்குது, அவுங்க எழுந்தா நானும் எழுந்துக்கறேன், உக்காந்தா உக்காறேன், நம்பிக்கை இருக்கும்மா ஆர்வந்தான் வரலன்னு சொன்ன. நீ சொன்னது ஸ்பீக்கர்ல உங்க அப்பா காதுல வுழுந்து, அன்னைக்கு உனக்காக அவரு பண்ண ஜெபத்துல என் சாதம் அடி பிடிச்சுது. நானும் அப்படி அனல் பறக்கற ஆள் இல்லன்னு உனக்கே தெரியும். சிதம்பரத்துல சாமி கும்புடற வீட்ல பொறந்து, தில்லையம்மாள்னு அந்த ஊர் பேரையே வச்சுக்கிட்டு, கல்யாணம் பண்ணி இங்க வந்தவ நான். இத்தன வருஷமா கோயில்ல ஒரே எடத்துல உக்காறேன், அது ஃபேனுக்கு நேர் கீழ இருக்கற எடம். சாமிக்காக உக்காறியா ஃபேனுக்காக உக்காறியான்னு கேட்டா வெயில் காலத்துல சரியா சொல்ல முடியாது. ஆனா இந்த வருஷம் நம்ம வீட்ல ஒண்ணு நடந்துது. அதச் சொன்னா உனக்கு எதாவது புரியுதான்னு பாரு. எனக்குப் பாதிதான் புரிஞ்சுது.

ஜூன் மாசம் நம்ம சபைக்குப் புது போதகர் வந்தாரு, கிதியோன்னு பேரு, உன்ன விட வயசுல சின்னவரு. வந்த நாள்லேர்ந்து ஒரே பிரசங்கந்தான், நமக்கெல்லாம் ஆர்வம் போயிடுச்சு, இந்த சபை ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி வச்ச வண்டி மாதிரி இருக்கு, சத்தம் வருது, நகர மாட்டேங்குதுன்னு. உங்க அப்பா சபைக்குச் செயலாளர் இல்லையா, வண்டி நகராததுக்கு அவருதான் காரணம்னு எடுத்துக்கிட்டாரு. வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்த நம்ம வீட்லயே வாரா வாரம் வைக்கறேன்னு சொல்லிட்டு வந்துட்டாரு. எங்கிட்ட கேக்கல. வந்தவங்க போதகரும் அவரு சம்சாரமும், ரிட்டயர்டு டீச்சரம்மாவும், டெய்லர் சாலமோனும். கூட நாங்க ரெண்டு பேரு. பாட்டுல உங்க அப்பா சத்தம் மட்டுந்தான் கேக்கும், மத்தவங்க வாய் அசைப்பாங்க. அப்படியே ஓடிச்சு. ஒரு வெள்ளிக்கிழமை நல்ல மழ, ஜெபம் முடிஞ்சும் யாரும் கெளம்ப முடியல. வந்தவங்கள சும்மா உக்கார வைக்க எனக்கு மனசு வரல, ராத்திரிக்கு அடை சுடலாம்னு ஊற வச்சிருந்த கடலப்பருப்ப அரைச்சு, சோம்பு தட்டிப் போட்டு மசால் வடை சுட்டேன். அவ்ளோதான் நான் பண்ணது. அடுத்த வாரம் சாலமோன் அவன் மாமியார கூட்டிக்கிட்டு வந்தான். டீச்சரம்மா பழைய ஸ்டூடண்ட் ரெண்டு பேர கூட்டிட்டு வந்தாங்க. வந்தவங்களுக்கு வடை இல்லன்னு சொல்ல முடியுமா, சுட்டேன். சாயங்காலம் காத்து திரும்புனா நம்ம பக்கம் வர்ற கெமிக்கல் கம்பெனி வாசனை உனக்குத் தெரியும், அதையும் தாண்டி வடை வாசனை தெருக்கோடி வரைக்கும் போயிருக்கு. ஆடி முடியறதுக்குள்ள ஹால் ரொம்பி வராண்டாவுல பாய் போட்டோம். உங்க அப்பாவுக்கு சந்தோஷம் தாங்கல, எழுப்புதல் வந்துடுச்சு, சபை முழிச்சுக்கிச்சுன்னு எல்லாருக்கும் போன் பண்ணாரு. எனக்கு என்ன வந்துதுன்னா தோள்பட்டை வலி.

வந்தவங்கள்ல ஒருத்தரு பக்கத்து வீட்டு தேவநாதன் சார். ரெஜிஸ்தர் ஆபீஸ்ல வேல பாத்து ரிட்டயர் ஆனவரு, சனிக்கிழமை தவறாம திருவந்திபுரம் பெருமாள் கோயிலுக்குப் போறவரு. அவரு சம்சாரம் சௌந்தரம் பொங்கலுக்கு முன்ன தவறிப்போனத உங்கிட்ட சொன்னேன். அதுலேர்ந்து மனுசன் ஓட்டல் பார்சல்தான். மொத நாள் வாசல்ல நின்னு, நான் வடைக்குத்தான் வர்றேன், மறைக்கறதுக்கு என்ன இருக்குன்னு சொல்லிட்டுத்தான் உள்ள வந்தாரு. நெத்தியில நாமத்தோட மூலையில சேர் போட்டு உக்காருவாரு. எல்லாரும் கண்ண மூடுனா அவரு மட்டும் தொறந்து வச்சுக்கிட்டு ஃபேன் சுத்தறதப் பாப்பாரு. ஜெபத்துல உங்க அப்பா சொல்ற தமிழ்ல எதாவது தப்பு இருந்தா முடிஞ்சதும் சொல்லித் திருத்துவாரு. போகறப்ப ரெண்டு வடை பேப்பர்ல கட்டிக் குடுப்பேன், வேணாம்பாரு, கைய நீட்டிக்கிட்டே.

செப்டம்பர்ல சபைச் செயலாளருங்களுக்கெல்லாம் சிதம்பரத்துல ஒரு நாள் பயிற்சி வச்சாங்க. அன்றாட வாழ்க்கையில விசுவாச ஆர்வத்த வளர்க்கறது எப்படின்னு தலைப்பு. உங்க அப்பா புதுச் சட்ட போட்டுக்கிட்டுப் போனாரு. அங்க பேசுன ஒருத்தரு, சாப்பாட்டுக்கு வர்ற கூட்டம் ஆர்வம் ஆகாது, அது வயிறுன்னு சொல்லியிருக்காரு. அன்னைக்கு மதியம் அவுங்களுக்கு பிரியாணியாம். உங்க அப்பா வீட்டுக்கு வந்து செருப்ப கழட்டறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு, இந்த வாரத்துலேர்ந்து டீயும் பிஸ்கட்டும் மட்டும், ஊழியத்துல கலப்படம் கூடாதுன்னு. நான் சரின்னேன். பருப்ப டப்பாவுல போட்டு மூடுனேன். எழிலரசிகிட்ட போன்ல சொன்னப்ப அவ சிரிக்காமயே கேட்டா, எங்க கோயில்ல சுண்டல நிறுத்துனா குருக்களே லீவு போட்டுடுவாரேக்கா, மாமாவுக்கு இது தெரியாதான்னு.

அப்புறம் நடந்தது உனக்கே தெரிஞ்சிருக்கும். மொத வாரம் பாதிப் பேரு. அதுக்கடுத்த வாரம் வராண்டா பாய மடிச்சு வச்சோம். ஒருத்தருக்கு மாமியார் ஒடம்பு சரியில்ல, ஒருத்தருக்கு புள்ளைக்கு பரீட்சை, சாலமோன் மாமியாருக்கு சீரியல்ல முக்கியமான கட்டம். கூட்டம் கொறைய கொறைய உங்க அப்பா ஜெபத்த நீட்டிக்கிட்டே போனாரு. வெள்ளிக்கிழமை உபவாசம் ஆரம்பிச்சாரு, சட்ட தொளதொளன்னு ஆயிடுச்சு. நான் கிண்டலா எழுதறேன்னு நெனைக்காத, அவரு நெசமாவே ஒடிஞ்சு போயிட்டாரு. ஒரு நாள் காலையில காபி குடிச்சுக்கிட்டே, தில்லை, நம்மகிட்ட என்ன கொற இருக்குன்னு ஆண்டவர் இப்படிப் பண்றாருன்னு கேட்டாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து அவரு எங்கிட்ட கேட்ட மொத கேள்வி அதுதான், மத்ததெல்லாம் உத்தரவு. வடைன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துது. ஆனா அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்படிச் சொல்றது. இவரு இவ்ளோ வருஷம் நம்பினது வெறும் வடையாலதான் நின்னுதுன்னு சொன்னா அவரு தாங்க மாட்டாரு. அதுவும் இல்லாம, எனக்கே அப்படித்தானான்னு தெரியல. டம்ளர கழுவப் போயிட்டேன்.

ஐப்பசியில ஒரு வெள்ளிக்கிழமை, போதகரும் அவரு சம்சாரமும் டீச்சரம்மாவும் நாங்களும் மட்டுந்தான். பாட்டு முடியற நேரம் தேவநாதன் சார் வந்தாரு. பிஸ்கட் ஆனப்புறம் ஒரே ஒரு வாரம் வந்தாரு, அதோட வரல. வந்து அதே மூலையில உக்காந்தாரு. போதகர் எப்பவும் போல, ஜெப விண்ணப்பம் இருந்தா சொல்லுங்கன்னு கேட்டாரு. டீச்சரம்மா அவுங்க கண் ஆப்பரேஷனச் சொன்னாங்க. நான் உன்னச் சொன்னேன். அப்ப தேவநாதன் சார் தொண்டையச் செருமிக்கிட்டு, நானும் ஒண்ணு சொல்லலாமா, வெளி ஆளுன்னு தள்ளிடுவீங்களான்னு கேட்டாரு. சொல்லுங்க சார்னாரு போதகர். அவரு ஆபீஸ்ல மனு படிக்கற மாதிரியே சொன்னாரு.

"சௌந்தரம் போனதுலேர்ந்து என்ன யாரும் சாப்ட்டியான்னு கேக்கறதில்ல. இந்த வீட்ல வெள்ளிக்கிழமையானா இந்தம்மா கேக்கும். வடை முக்கியமில்ல, பிஸ்கட்டே இருக்கட்டும். ஆனா வடை போனப்ப கேக்கறதும் போயிடுச்சு. டீ டம்ளர கையில குடுத்துட்டு எல்லாரும் கண்ண மூடிடறீங்க. அத மட்டும் உங்க சாமிகிட்ட சொல்லுங்க."

எனக்கு அப்பதான் ஒறைச்சுது. வடை சுடறப்ப நான் ஒவ்வொருத்தரா கிட்டப் போயி கேப்பேன். பிஸ்கட் தட்ட டேபிள்ல வச்சிட்டா யாரயும் கேக்கத் தேவையில்ல. அந்த வாரம் ஜெபம் பண்ற முறை உங்க அப்பாவோடது. மூச்சு விடாம ஜெபம் பண்றவரு, ஆண்டவரே, எங்க பக்கத்து வீட்டுக்காரருன்னு ஆரம்பிச்சாரு. அப்படியே நின்னுட்டாரு. நான் கரண்ட்டு போயிடுச்சோன்னு கண்ணத் தொறந்து பாத்தேன், ஃபேன் ஓடிக்கிட்டுதான் இருந்துது. போதகர் தம்பியே ஆமென்னு சொல்லி முடிச்சாரு. உங்க அப்பா எழுந்து நேரா தேவநாதன் சார் முன்னாடி போயி நின்னு, சாப்ட்டீங்களான்னு கேட்டாரு. இல்லன்னாரு அவரு. உங்க அப்பா எம் பக்கம் திரும்பி, கடலப்பருப்பு எங்க வச்சிருக்கன்னாரு. அது ஊற ரெண்டு மணி நேரம் ஆவும்னேன். அப்ப உப்புமா கிண்டுன்னாரு. கிண்டுனேன். உபவாசத்துல இருந்த மனுசன் முந்திரிப்பருப்ப வறுத்துக் குடுத்து, எல்லாருக்கும் தட்டு வச்சு, அவரும் உக்காந்து சாப்ட்டாரு. உப்புமாவுல உப்பு கம்மின்னு தேவநாதன் சார் மட்டும் சொன்னாரு.

அதுக்கடுத்த வெள்ளிக்கிழமை உங்க அப்பாவே காலையில பருப்ப ஊற வச்சாரு. ஊறுனா எவ்ளோ ஆவும்னு தெரியாம இருந்தது பூராத்தயும் கொட்டிட்டாரு, மிக்ஸி சூடாயி ரெண்டு தடவ நின்னுது. தெருவுக்கே வடை சுட்டோம். போதகர் தம்பி சட்டைக்கைய மடிச்சுக்கிட்டு அடுப்பாண்ட வந்து நின்னாரு பாரு, அவுங்க அம்மா பரங்கிப்பேட்டையில டீக்கட வச்சிருந்தாங்களாம், வடை தட்டுறதுல அப்படி ஒரு கை. பிரசங்கத்த விட இது நல்லா வருதுன்னு டீச்சரம்மா அவரு எதிர்லயே சொன்னாங்க. இப்ப வராண்டாவுல மறுபடி பாய் போடறோம். உங்க அப்பா வாசல்ல நின்னு வர்றவங்க எல்லாரயும் சாப்ட்டீங்களான்னு கேக்கறாரு, சாப்ட்டுட்டேன்னு சொன்னாலும் விடறதில்ல. ஜெபம் கொஞ்சம் சின்னதாயிருக்கு. ரொம்ப இல்ல. தேவநாதன் சார் மதம் மாறிட்டாரான்னு சிதம்பரத்துலேர்ந்து உன் மாமா போன்ல கேட்டாரு. அதெல்லாம் இல்ல, சனிக்கிழமை அவரு திருவந்திபுரந்தான் போறாரு. போன வாரம் உங்க அப்பாவும் அவருக்குத் துணைக்கு பஸ் ஸ்டாப் வரைக்கும் போனாரு.

எனக்குப் புரிஞ்ச பாதிய சொல்றேன். எண்ணெ காயற வரைக்கும் அடுப்பாண்ட நிப்பேன் இல்ல, அப்ப யார் யார் வருவாங்கன்னு மனசுல ஓடும். டீச்சரம்மாவுக்கு மொறுமொறுன்னு ஆவாது, பல் இல்ல. சாலமோன் மாமியாருக்கு மொளகா ஆவாது. தேவநாதன் சாருக்கு சக்கர இல்லாம டீ. இளவரசு இருந்தா எட்டு தின்னுவான். இப்படி ஒவ்வொரு பேரா சொல்லிக்கிட்டே தட்டுவேன். ஒரு நாள் திடீர்னு தோணுச்சு, இத்தன பேரையும் நான் யாருகிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன்னு. அடுப்பாண்ட என்னத் தவிர யாரும் இல்ல. இதுக்கு ஜெபம்னு பேரான்னு எனக்குத் தெரியல, போதகர்கிட்ட கேக்கல, கேட்டா அதையும் பிரசங்கம் ஆக்கிடுவாரு. ஆனா வெள்ளிக்கிழமை எப்ப வரும்னு இருக்கு, தோள்பட்டை வலியோட. ஆர்வம்னு நீ கேட்டது இதுதானோ என்னவோ.

அதனால நீ அங்க கோயில்ல உக்காந்து மனசுல எதாவது வருதான்னு தோண்டிப் பாத்துக்கிட்டு இருக்காத. நீ கடுகு தாளிச்சா கீழ் வீட்டுப் பாட்டிம்மா கொம்பால சீலிங்கத் தட்டுவாங்கன்னு யாசர் சொல்லிச் சிரிச்சான். புள்ளைங்க யாரும் வர்றதில்ல, தனியாத்தான் இருக்காங்கன்னும் சொன்னான். வர்ற வெள்ளிக்கிழமை சாம்பார் வைக்கறப்ப ஒரு கிண்ணம் எடுத்துக்கிட்டு போயி கதவத் தட்டு. சாப்ட்டீங்களான்னு அவுங்க பாஷையில எப்படிக் கேக்கறதுன்னு மொதல்ல கத்துக்கிட்டுப் போ. காரம் கொறச்சுப் போடு. ஆர்வம் வந்தா வரட்டும். வரலன்னாலும் நஷ்டம் ஒண்ணும் இல்ல, அந்தம்மா சாப்ட்டிருப்பாங்க.

கம்பளி பனியன் போடாம வெளிய போகாத. ஊறுகாயில யாசருக்குப் பாதி குடு, சுமந்துக்கிட்டு வர்றவன் அவன். ஆண்டவர் உன் போக்கயும் வரத்தயும் பாத்துக்குவாரு, உன் கைவேலைய ஆசீர்வதிப்பாரு. அப்பாவும் அவரு ஆசீர்வாதத்தத் தனியா ஒரு பேப்பர்ல எழுதறேன்னு உக்காந்திருக்காரு, மூணாவது பக்கம் போயிட்டிருக்கு, யாசர் கெளம்பறதுக்குள்ள முடிஞ்சா அதுவும் வரும்.

என்றும் உன்ன நெனைக்கற அம்மா,
தில்லையம்மாள் யேசுபாதம்