வகுப்புக்கு வராத மாணவி

செப்டம்பர் 2, செவ்வாய்

இணைய வகுப்பறையைப் பயன்படுத்த இன்று மூன்று பேராசிரியர்களுக்கு உதவினேன். முதலாமவரிடம் பாடக்குறிப்பை ஏற்றச் சொன்னால், திரையைக் கைபேசியில் படம் பிடித்து ஏற்றியிருந்தார். ஓரத்தில் அவருடைய கட்டைவிரலும் பாடத்தில் சேர்ந்துவிட்டது. இரண்டாமவர் தன் பாஸ்வேர்டைத் தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி எனக்குச் சொன்னார். மூன்றாமவரின் கதவுக்கு வெளியே நின்று "உள்ளே வரலாமா" என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே வெளியே வந்து, "யாரும்மா, என்ன வேணும்?" என்றார். "சும்மா" என்றேன். சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா! ஆக, உதவியது இரண்டு பேருக்கு.

படிக்கும்போதும் இப்படித்தான். ஒரு தாளில் கூட்டல் தப்பி ஏழு மதிப்பெண் குறைந்தது. கேட்கப் போய், ஆசிரியரின் கதவில் இருந்த பெயர்ப்பலகையை நன்றாகப் படித்துவிட்டுத் திரும்பி வந்தேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கதவு தட்டுவதை மட்டும் அந்தப் பட்டத்தில் வைக்க மறந்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் ஏழாம் தேதி ஆசிரியர்கள் எல்லோருக்கும் பயிற்சி. நான் மேடையில் நின்று விளக்க வேண்டுமாம். அதைப் பார்த்துதான் என் வேலையை நிரந்தரமாக்குவதா என்று முடிவு செய்வார்கள் என்கிறார் மேலாளர்.

செப்டம்பர் 4, வியாழன்

வரலாற்றுப் பேராசிரியரின் வகுப்பை இணையத்தில் தயார் செய்தேன். வரலாற்றம்மா என்று மனசுக்குள் கூப்பிடுகிறேன். வெளியே கூப்பிட வேண்டிய நிலைமை இன்னும் வரவில்லை, நல்லவேளை.

பாடம் மாணவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்க்க ஒரு பொய் மாணவி வேண்டும். "சோதனை மாணவி" என்று போட்டால், இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று தளம் முறைத்தது. அவசரத்தில் அம்மாவின் பெயரையும் எங்கள் வீட்டு முகவரியையும் போட்டுவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். அம்மா சலவைக் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"உன்னை யுனிவர்சிட்டியில சேர்த்துட்டேன்மா."

"ஃபீஸ் யாரு கட்டுறது?"

"ஃபீஸ் கிடையாது. வரலாறு."

"ஐயோ, தேதியெல்லாம் எனக்கு மனசுல நிக்காதேடி."

எட்டாம் வகுப்போடு நின்றவள். ரொம்ப நேரம் சிரித்தாள்.

செப்டம்பர் 15, திங்கள்

வகுப்புகள் தொடங்கிவிட்டன. பட்டியலிலிருந்து அம்மாவை எடுக்க வேண்டும். நாளைக்கு.

செப்டம்பர் 23, செவ்வாய்

நாளைக்கு நாளைக்கு என்று இருந்தேன். அனுபவிக்கிறேன்.

காலையில் வழக்கம்போல் அம்மாவின் பெயரில் உள்ளே போனேன். செய்திப் பெட்டியை இன்றுதான் திறந்து பார்த்தேன். இரண்டு செய்திகள், வரலாற்றம்மாவிடமிருந்து. முதலாவது போன வாரத்தது: "முதல் கட்டுரை வரவில்லை. தாமதமானால் மதிப்பெண் குறையும்." இரண்டாவது நேற்று: "உடல்நலம் சரியில்லையா? ஒரு வரி எழுதுங்கள்."

இருநூறு பேர் படிக்கும் வகுப்பில், கட்டுரை தராத ஒருத்தியைக் கவனித்திருக்கிறார். நான் படித்த நான்கு வருடத்தில் என்னை ஒருவரும் கவனித்ததில்லை. அம்மா சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

செப்டம்பர் 24, புதன்

உதவி எண்ணுக்கு வரலாற்றம்மாவே அழைத்தார். எடுத்தது நான்.

"ஒரு பொண்ணு கட்டுரை குடுக்கலம்மா. அவ கடைசியா எப்ப உள்ள வந்தான்னு பார்த்துச் சொல்ல முடியுமா?"

"இன்னிக்குக் காலையிலதான் மேடம்." பொய் சொல்ல வரவில்லை. உண்மையும் முழுசாக வரவில்லை.

"இன்னிக்கா?"

"தினமும் வர்றாங்க மேடம்."

"தினமும் வர்றா, எல்லாத்தையும் படிக்கிறா, ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறா." பெருமூச்சு கேட்டது. "இந்த மாதிரிப் பசங்களை நினைச்சாத்தான் எனக்குக் கவலை."

போனை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். அந்த மாதிரிப் பசங்களில் ஒருத்தி கண்ணாடியில் நின்றாள்.

அக்டோபர் 1, புதன்

மூன்றாவது செய்தி: "கட்டுரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. என் அறைக்கு வாருங்கள். கதவு திறந்தே இருக்கும்."

பதிலாக "நலமாக இருக்கிறேன்" என்று அடித்தேன். அழித்தேன். பெயரை நீக்கிவிடலாமா? நீக்கினால் படிப்பை விட்டுப் போய்விட்டாள் என்று நினைப்பார். நேராகப் போய்ச் சொல்லலாமா? சொன்னால் மேலாளருக்குத் தெரியும். பயிற்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது — வேலை போயே போச்சு.

மாலையில் வரலாற்றம்மா உதவி எண்ணுக்கு மறுபடி அழைத்தார். அலுவலகத்தில் முகவரி வாங்கி, ஆள் விட்டு அவள் வீட்டைத் தேடப்போகிறாராம். அந்த வீட்டில் நான்தான் இருக்கிறேன்!

பயிற்சி முடிந்த மறு நிமிடம் சொல்லிவிடுவேன். சத்தியமாக.

அக்டோபர் 7, செவ்வாய்

எழுதிவிட்டால் தூக்கம் வரலாம்.

அரங்கம் நிறைந்திருந்தது. வரலாற்றம்மா மூன்றாவது வரிசை. மைக்கில் என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது, ஆனாலும் வந்தது. "இப்ப ஒரு மாணவி உள்ள வந்தா என்ன தெரியும்னு பார்க்கலாம்" என்று சொல்லி, பழக்கதோஷத்தில் அம்மாவின் பெயரை அடித்து உள்ளே போனேன்.

சுவர் அளவுத் திரையில் அம்மாவின் பெயர். அதன் கீழே புதுச் செய்தி, எழுத்து ஒவ்வொன்றும் என் தலை அளவு: "நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்."

வரலாற்றம்மா எழுந்து நின்றார். "இது என் ஸ்டூடண்டாச்சே. அவ பேர்ல நீ எப்படிம்மா உள்ள போன?"

மேலாளர் முன்வரிசையிலிருந்து அவசரமாக, "சிஸ்டம் கோளாறு மேடம், சில சமயம் இப்படி ஆகும்" என்றார். என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். தலையாட்டினால் போதும். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி, பட்டமே அதில்தான் வாங்கினேன்.

ஆட்டவில்லை. மைக்கை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.

"கோளாறு இல்லை மேடம். என் தப்பு. அப்படி ஒரு மாணவியே கிடையாது. சோதனைக்காக நான் சேர்த்த பேரு. எடுக்காம விட்டுட்டேன். உங்க செய்தி எல்லாத்தையும் நான்தான் படிச்சேன். அன்னிக்குப் போன் எடுத்ததும் நான்தான். சொல்லப் பயந்துட்டேன்."

"அப்போ யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்றார் வரலாற்றம்மா.

"இல்லை மேடம்."

அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் கோபம் வந்தது. "தூக்கமில்லாம இருந்திருக்கேன், தெரியுமா உனக்கு? போன்ல கேட்டப்பவே ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?" அப்புறம், "யாரு பேரு அது?" என்றார்.

"எங்கம்மா பேரு."

எங்கோ பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லோரும். நானும் சிரித்தேனா, அழுதேனா? இரண்டுமாக ஏதோ ஒன்று.

அக்டோபர் 8, புதன்

நிரந்தரம் இல்லை. தற்காலிகம் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பு. "கையை நீட்டிக் காப்பாத்தினா, தள்ளிவிட்டுட்டுக் கிணத்துல குதிக்கிறியேம்மா" என்றார் மேலாளர். திட்டு மாதிரிதான் இருந்தது. முழுத் திட்டு இல்லை.

அக்டோபர் 17, வெள்ளி

அதிசயம். ஆசிரியர்கள் தாங்களாகவே என்னைத் தேடி வருகிறார்கள். "உன்கிட்ட சொல்றதுக்கென்ன, நான் வகுப்பையே அழிச்சுட்டேன்" என்று ஒருவர். கட்டைவிரல்காரர் இன்னும் படம்தான் பிடிக்கிறார் என்று ஒத்துக்கொண்டார். என்னைவிடப் பெரிய முட்டாள்தனம் இந்த வளாகத்தில் இனி நடக்காது என்ற நம்பிக்கை போல.

வரலாற்றம்மா பேசினார். பெயரை எடுக்க வேண்டாமாம். "சேர்ந்தது சேர்ந்தாச்சு. பார்வையாளரா இருக்கட்டும். கட்டுரை மட்டும் பாக்கி."

மாலையில் அம்மாவுக்கு லாகின் சொல்லிக்கொடுத்தேன். நாள் முழுக்கப் பேராசிரியர்களிடம் "மெதுவாப் பண்ணுங்க மேடம், அவசரமில்லை" என்று சொல்லும் வாயால், "அதை அழுத்தாதேன்னா கேட்கவே மாட்டியா!" என்று கத்தினேன்.

"கத்தாதேடி. உங்க மேடம்கிட்ட சொல்லிடுவேன்" என்றாள்.

நவம்பர் 5, புதன்

ஒரு ஊரின் வரலாற்றை எழுத என்னென்ன சான்றுகள் வேண்டும் — இதுதான் கட்டுரைக் கேள்வி. அம்மா, அழுக்குத் துணி போதும், ஒரு வீட்டில் யார் வந்தார் யார் போனார் எல்லாம் மூட்டையிலேயே தெரியும் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினாள். தட்டச்சு நான்.

மதிப்பெண் வந்துவிட்டது. பத்துக்கு நாலு. "சுவையாக இருக்கிறது. ஆனால் சான்று எங்கே?"

"நாலா?" அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சான்று வேணுமாமா? மூட்டையை அனுப்பவா? நாளைக்குப் போய்க் கேளு."

"நானா?"

"நான் வேலைக்குப் போகணும். நீதானே சேர்த்துவிட்டே."

நவம்பர் 6, வியாழன்

வரலாற்றம்மாவின் கதவில் பெயர்ப்பலகையைப் படித்தேன். அப்புறம் தட்டினேன்.

மதிப்பெண் நாலரை ஆகியிருக்கிறது. அம்மாவுக்குத் திருப்தி இல்லை. திங்கட்கிழமை மறுபடியும் போகச் சொல்கிறாள்.