நான் வெள்ளையாக விட்ட சந்து

இன்று பென்சில் பெட்டியைத் திறந்ததும் மெழுகு மணம் வந்தது. உன் சிவப்புப் பெஸ்டல் வண்ணத் துண்டு. காய்ச்சலோடு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிய நீ உயிரோடு திரும்பவில்லை; அன்றிலிருந்து அது என்னிடம்தான் இருக்கிறது.

நாம் தரம் ஏழில் இருந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆய்வாளர் மிஸ் வந்தார், நினைவிருக்கிறதா? பள்ளிகளில் பிள்ளைகள் எங்கே, எப்படி அடிபடுகிறார்கள் என்று ஆராய்கிறாராம். ஆளுக்கொரு தாளில் நம் பள்ளியின் வரைபடம் தந்தார். "பயமான இடத்துக்குச் சிவப்புப் பூசுங்கோ பிள்ளையள். பேர் எழுத வேண்டாம். ஒருத்தரையொருத்தர் பாக்காதேங்கோ."

"பேரு இல்லாட்டி ஒனக்கு எப்புடிடீ மார்க்கு போடுவாங்க, பொஸ்தகம்?" என்று என் காதில் சிரித்தாய்.

நம் பள்ளியிலிருந்து வெளியே போகும் எதையும் என் கையெழுத்தில் சுத்தப்பிரதி எடுத்தே அனுப்புவது வழக்கம். மறுநாள் மிஸ் தாள்களை எடுக்க வருமுன், பள்ளி அதிபர் அவற்றை என்னிடம் நீட்டினார். "மெழுகு அப்பி அசிங்கமா இருக்கு மகள். மிச்சத் தாள்ல அழகா செஞ்சு குடு."

பெரும்பாலான தாள்களில் ஒரே இடம் சிவந்திருந்தது: கட்டடத்தின் பின்சுவருக்கும் மண்மேட்டுக்கும் நடுவிலுள்ள சந்து. சோதனையில் செய்வதுபோல் எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்திருக்கிறார்கள் என்று முடிவுசெய்தேன். என் பிரதிகளில் அந்தச் சந்து இருந்த இடத்தை வெள்ளையாக விட்டேன்.

அதை உன்னிடம் பெருமையாகச் சொன்னபோது நீ சிரிக்கவில்லை. "நாங்க யாரையும் பாக்கல. மேமலை லயத்து வீட்டுலருந்து பனிக்குள்ள நடந்து வர்றோம், பிந்திருது. பிந்துனா மாணவத் தலைவருங்க அங்க கூட்டிட்டுப் போய்த்தான் அறையிறாங்க. நீ கீழ் லயம், பள்ளிக்கூடத்துக்குப் பக்கம். ஒனக்கு எப்புடித் தெரியும்?" பிறகு மெதுவாக, "வெள்ளையா விட்டா, அங்க யாருமே இல்லன்னு ஆயிரும்டீ."

போன வாரம் மிஸ் மறுபடி வந்தார். தரம் ஆறில் படிக்கும் பிள்ளைகள் பூசிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்தார். வெளியே பனி. சிவப்பெல்லாம் ஒரே சந்தில் விழுந்து கருத்தது. "ஒரு பிள்ளை பூசினா அது அந்தப் பிள்ளையின்ர பயம். பாக்காமலே எல்லாரும் பூசினா, அந்த இடத்திலை என்ன நடக்குதெண்டு நாங்கள் கேக்கவேணும்."

ஒரு தாளில், சிவப்புக்குள் ஒரு பெண் நின்றாள். இரட்டைப் பின்னலில் ஒன்று அவிழ்ந்திருந்தது. உன்னுடையதுபோல, இடது பக்கம்.

"இது யாரு?" என்று அதை வரைந்த சிறுமியிடம் கேட்டேன். அவள் இந்த வருடம்தான் சேர்ந்தவள்.

"தெரியாதுக்கா. அங்க எப்பவும் நிப்பாங்க. தலைவருங்க எங்கள அடிக்கிறப்போ, அந்த அக்காதான் கண்ண மூடிக்கச் சொல்லுவாங்க."

அதிபர் வழக்கம்போல் வெற்றுத்தாள்களை நீட்டினார். "வேணாங்க சேர்," என்றேன். மிஸ் பக்கம் திரும்பினேன். "போன தடவை இந்தச் சந்த நான்தான் இல்லாம பண்ணேன், மிஸ்." ஜன்னலில் இருந்த தாள்களைப் பார்த்த அதிபர் வெற்றுத்தாள்களை மடித்து வைத்தார். பிறகு மூவரும் சந்துக்குப் போனோம். அங்கே யாரும் இல்லை.

இப்போது தினமும் பள்ளி மணிக்கு முன்பே போய், பிந்தி வருபவர்கள் எல்லோரும் வகுப்புக்குள் போகும்வரை சந்தின் வாயில் நிற்கிறேன். கைக்குள் உன் பெஸ்டல் துண்டு இளகும். பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டே நிற்கிறேன்.