பன்னிரண்டு முடியட்டும்

பங்குனி 2, ஞாயிறு

காலை ஆறு மணிக்கே சுவர் சுடுகிறது. கரண்ட் ஒன்பதுக்கு வருமாம்.

என் கையெழுத்தை என் மகன் போட்டுவிட்டான். நடந்தது இதுதான். வேறு பெயர் வைத்து மழுப்ப வேண்டாம்.

வார்டு ஆபீஸ் தண்ணீர் மோட்டாரைப் பார்க்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமையிலும் குமாஸ்தா இருந்தான். சிரித்துக்கொண்டே, "ஊ மாணிக்கம், பேத்தி வெளியூர் போய் ஆடப்போறாளாமே" என்றான். இந்த யாங்கோனில் வயதானவர் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஊ போடுவார்கள். சம்மதக் கடிதத்தை எடுத்துக் காட்டினான். வீட்டுப் பட்டியலில் குடும்பத் தலைவன் நான். பிள்ளை வெளியூரில் இரவு தங்க வேண்டுமானால் நான் சம்மதிக்க வேண்டும். சம்மதித்திருக்கிறேன். கீழே என் பெயர், தமிழில். சேகருக்குத் தமிழ் எழுதத் தெரியாது. கோலம் போடுவதுபோலப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறான். நாற்பத்து மூன்று வயது ஆண்பிள்ளை.

மோட்டாரைக் கழற்றினேன். காயில் கருகிவிட்டது. புதிதாகக் கட்ட நாலு நாள்.

மாலையில் சேகரைக் கேட்டேன்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா வேணாம்பீங்க."

"ஆமா, வேணாம்பேன்."

"அதான் கேக்கல, அப்பா."

அடுப்படியில் மாலா சிரித்தாள். மருமகள் சிரித்தது எனக்குக் கேட்டது என்று அவளுக்கும் தெரியும்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். பழைய பஞ்சாங்கங்களை வைத்துக்கொண்டு நானே படித்த தமிழ். இந்த வீட்டில் வேறு யாருக்கும் வாசிக்க வராது. நல்லது.


பங்குனி 3, திங்கள்

காற்றே இல்லை. செம்புக் கம்பி வாங்கினேன். வார்னிஷ் மறந்துவிட்டேன்.

என் பக்கத்தை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

பேத்தி தேவிக்குப் பத்து முடிந்து பதினொன்று நடக்கிறது. மூன்று வருடமாகச் சாயங்காலத்தில் சந்தில் சின்லோன் ஆடுகிறாள். ஆறு பேர் வட்டமாக நின்று, பிரம்புப் பந்தைக் கையால் தொடாமல், தரையில் விழவிடாமல், காலாலும் முட்டியாலும் தட்டிக்கொண்டே இருக்கும் ஆட்டம். எதிராளி கிடையாது. வெற்றி தோல்வி கிடையாது. சைக்கிள் ரிக்‌ஷாக்காரரும் ஆடுவார், எதிர்வீட்டு நர்ஸம்மாவும் ஆடுவாள். களைத்தால் வெளியே வந்து தண்ணீர் குடிக்கலாம். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

சயா மின்ட் என்கிற வாத்தியாரின் குழு அப்படியில்லை. எந்த ஊரில் புத்தர் கோவில் விழா நடந்தாலும் போகிற குழு. மேளத்துக்கு ஆட வேண்டும். ஐந்து பேர் சுற்றி நின்று பந்தைக் கொடுக்க, ஒருத்தி நடுவில் நின்று வித்தை காட்டுவாள். கோடை விடுமுறை முழுக்க பஸ். முதலில் மாவ்பி. 9ஆம் தேதி, இரண்டு இரவு.

அவர்கள் சொல்வது: இப்போது விட்டால் இடம் போய்விடும். பத்தில் வளையாத கால் பன்னிரண்டில் வளையாது.

நான் சொல்வது: பன்னிரண்டு முடியட்டும்.

ஏன் என்றால்:
- எலும்பு முற்றவில்லை.
- இரவில் பக்கத்தில் படுப்பது யார் என்று கேட்டேன். "எல்லாம் பொண்ணுங்கதான் மாமா" என்றாள் மாலா. பெயர் கேட்டால் தெரியவில்லை.
- பள்ளிக்கூடக் கணக்கில் நூற்றுக்கு நாற்பது.
- என்னைக் கேட்கவில்லை.

கடைசி ஒன்றே போதும். மற்ற மூன்றும் அவர்களுக்காக எழுதியவை.


பங்குனி 4, செவ்வாய்

சொல்லாமல் பயிற்சியைப் பார்க்கப் போனேன். பஸ்ஸில் நின்றே பயணம். ஒருவனும் எழுந்திருக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மைதானம். பன்னிரண்டு பெண்பிள்ளைகள் ஒற்றைக் காலில். ஒரு பாட்டு முடியும்வரை. தூக்கிய கால் இறங்கினால் சயா பிரம்பு நுனியால் கணுக்காலைத் தொடுவார். அடிப்பதில்லை, தொடுகிறார். அடித்தால் பரவாயில்லை என்று தோன்றியது. தேவி காலை இறக்கவில்லை. உதடு வெளுத்துப்போய் நின்றாள். நான் வந்ததைப் பார்த்தாள், பார்க்காததுபோல இருந்தாள்.

சயா மரியாதை தெரிந்த மனிதர். ஸ்டூல் போட்டார், டீ வரவழைத்தார், வாய்க்கு வாய் ஊலே, பெரியவரே, என்றார்.

"விழுந்தா என்ன செய்வீங்க?"

"விழுந்தா எழுந்துக்கும், ஊலே."

"நடுவுல நிறுத்துவீங்களா அவள?"

கொஞ்சம் யோசித்தார். "கால் நல்ல கால். வட்டத்துல வெச்சுக்குவோம். நடுவுக்கு ஜனங்க வெள்ள முகம் கேக்குறாங்க ஊலே. கலாமலே நின்னா..." முடிக்காமல் டீயை என் பக்கம் நகர்த்தினார்.

கலாமலே என்றால் இந்தியச் சிறுமி. கெட்ட வார்த்தை இல்லை என்பார்கள், அப்படிக் கூப்பிடுகிறவர்கள்.

டீயைக் குடித்தேன். வந்த டீயை ஏன் விட வேண்டும்.

வீட்டுக்கு வந்து தேவியை எதிரில் உட்காரவைத்துச் சொன்னேன், வார்த்தைக்கு வார்த்தை. "வட்டத்துல நின்னு அடுத்தவளுக்குப் பந்து குடுத்துக்கிட்டே இருப்ப. நடுவுல விடமாட்டான். மூஞ்சி கறுப்புன்றான்."

"சயாவா சொன்னாரு?"

"சயாதான்."

மாலா கரண்டியோடு வந்துவிட்டாள். "புள்ளகிட்ட யாராச்சும் இப்பிடிச் சொல்லுவாங்களா மாமா? உங்களுக்கு நாக்கா அது?"

உண்மையைச் சொன்னேன். நாலு ஊர் ஜனங்களுக்கு நடுவில் தெரிவதைவிட வீட்டில் தெரியட்டும்.


பங்குனி 5, புதன்

காலையில் தேவி தானே தனகாக் கட்டையைச் சந்தனம்போல அரைத்து முகத்தில் பூசியிருக்கிறாள். எல்லாப் பிள்ளைகளும்போலக் கன்னத்தில் வட்டமாக இல்லை. நெற்றி, மூக்கு, காது, கழுத்து எல்லாம். வெள்ளையடித்த சுவர் மாதிரி. இரண்டு கண் மட்டும் தெரிந்தது. அப்படியே பயிற்சிக்குப் போனாள்.

ஆக, நான் சொன்னது வேலை செய்யவில்லை.

மதியம் இரண்டாம் மாடி யூ யூவை மேலே கூப்பிட்டேன். பத்து வயதில் வேறொரு குழுவோடு ஊர் ஊராகப் போனவள். இப்போது பத்தொன்பது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நண்டுபோலப் பக்கவாட்டில் படி இறங்குவாள். தேவிக்கு முட்டியைக் காட்டு என்றேன். மறுக்கவில்லை, நல்ல பெண். லுங்கியை மடித்துக் காட்டினாள். ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மேடு.

தேவி விரலால் தொட்டுப் பார்த்தாள். இருவரும் பர்மியில்தான் பேசிக்கொண்டார்கள்.

"வலிக்குதா?"

"மழ வந்தா."

"நடுவுல நின்னியாக்கா?"

"ரெண்டு வருஷம்." அவள் முகமே மாறிவிட்டது. என் பக்கம் திரும்பினாள். "மேளக்காரர் என் காலப் பாத்துத்தான் அடிப்பாரு ஊலே. நான் நிறுத்தினா அவரும் நிறுத்துவாரு. ரெண்டு வருஷம்!"

போதும், போ என்றேன். முட்டாள் பெண்.


பங்குனி 6, வியாழன்

மோட்டார் கட்டி முடித்தேன். ஓடுகிறது. குமாஸ்தா நன்றி சொன்னான்.

இன்று அம்மன் கோவிலில் காப்புக் கட்டு. தேவியைக் கூட்டிப் போனேன். இந்த வருடம் நீ பால்குடம் எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். சந்தோஷமாக வந்தாள். பூசாரி இடது மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார்.

காப்புக் கட்டினால், தீமிதி முடிந்து அவிழ்க்கும்வரை மீன், கறி கூடாது. ஊர் எல்லை தாண்டக் கூடாது. வெளியில் இரவு தங்கக் கூடாது. தீமிதி 14ஆம் தேதி, வெள்ளி. மாவ்பி 9.

மூன்றாம் மாடிப் படியில் தேவி நின்றுவிட்டாள். விரலை மடக்கி எண்ணினாள். ஏழு, எட்டு, ஒன்பது. கயிற்றைப் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டி மேலே ஓடினாள்.

வீட்டில் பெரிய சத்தம். சேகர் கத்தரிக்கோலை எடுத்தான். மாலா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள், "வேணாங்க, வேணாங்க" என்று. மாலாவின் தாய் காப்பை அறுத்த வருடம் ஒரு கண் போயிற்று என்பது அவர்கள் குடும்பத்துக் கதை. எனக்குத் தெரியும். தெரிந்துதான் கட்டினேன்.


பங்குனி 7, வெள்ளி

சேகர் சட்டம் பேசுகிறான். "மாவ்பியும் யாங்கோன் டிவிஷன்தானே? எல்ல எங்கப்பா தாண்டுது?"

நான், சேகர், மாலா மூவரும் பூசாரியிடம் போனோம். பூசாரி இரண்டு பக்கமும் நல்லவர்.

"அம்மனுக்கு டிவிஷன் கிவிஷன் தெரியாதுப்பா. எங்கப்பா காலத்துல ரயில் கேட்டுக்கு அந்தாண்ட போவக்கூடாதும்பாங்க. இப்ப எல்லாரும் கேட்டத் தாண்டித்தான் வேலைக்குப் போறாங்க. பகல்ல எங்க போனாலும் ராத்திரி வூட்டுல படுத்துட்டா சரி."

"ரெண்டு ராத்திரியாச்சே" என்றேன்.

"அப்பச் சரியில்ல" என்றார் பூசாரி.

சேகர் அங்கே இருந்தே சயாவுக்குப் போன் போட்டான். தினமும் திருப்பி அனுப்ப முடியாது, ஒரே பஸ். "கயிறுதானே? கழட்டி வெச்சுட்டு வந்து கட்டிக்கட்டும்" என்றாராம். சேகர் பர்மியில் விளக்கப் பார்த்தான். பாதியில் நின்றுவிட்டான். நான் பூக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.


பங்குனி 8, சனி

டீக்கடைக்காரன் எல்லாருக்கும் கேட்கும்படி: "ஊ மாணிக்கம், உங்க அம்மனுக்கும் ஒரு டிக்கெட் போட்டுக் கூட்டிட்டுப் போனா என்ன?" சிரிப்பு. நான் காசு வைத்துவிட்டு எழுந்தேன். இனி அந்தக் கடை இல்லை.

முடி வெட்டிக்கொண்டேன். வலது காதுக்கு மேல் ஏற்றி வெட்டிவிட்டான்.


பங்குனி 9, ஞாயிறு

காலை 5.10. பஸ் தெருமுனையில்.

போகமுடியாது என்று தெரிந்தும் தேவி குழுவின் சட்டையைப் போட்டுக்கொண்டு கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள். பால்கனியில் இருந்து பார்த்தேன். சயா இறங்கி வந்தார். அவள் தலையைத் தடவினார். ஏதோ சொன்னார். அவள் எழுந்து சட்டையைக் கழற்றி, மடித்துக் கொடுத்தாள். அடியில் தன் கவுன் போட்டிருந்தாள். அடுத்த சந்துப் பிள்ளை ஒன்றுக்கு, எட்டு வயதுகூட இருக்காது, அந்தச் சட்டையை அங்கேயே மாட்டினார்கள். முட்டிவரை தொங்கியது. பஸ் போயிற்று.

மேலே வந்தாள். அழவில்லை.

"அம்மன் எவ்ளோ தூரம் பாக்கும், தாத்தா?"

"எல்லாத் தூரமும் பாக்கும்."

"அப்ப சயா என்னக் கறுப்புன்னு சொன்னப்பவும் பாத்துச்சா?"

பல் விளக்கப் போ என்றேன்.


பங்குனி 11, செவ்வாய்

ஒரு துளி மழை. புழுதி வாசனை, அவ்வளவுதான்.

இரண்டு நாளாக தேவி சந்திலும் ஆடவில்லை. நர்ஸம்மா கீழே இருந்து கூப்பிட்டாள். மேலே ஏறி வந்து பந்தைக் கதவில் எறிந்துகூடப் பார்த்தாள். தேவி கதவைத் திறக்கவில்லை. ஆடாதே என்று நான் சொல்லவில்லை. சந்தில் ஆடு என்றுதான் எப்போதும் சொன்னேன்.

என்னோடு தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டாள். கரண்ட் வந்ததும் வந்து பர்மியில் கேட்டாள்: "ஊலே, தண்ணி மோட்டார் போடவா?" ஊலே. ரோட்டில் போகிற எந்தக் கிழவனுக்கும் சொல்வது. மாலா திருத்தவில்லை. சேகரும் திருத்தவில்லை. நானும் "போடு" என்று சொல்லிவிட்டேன், பழக்கத்தில்.

சாப்பிடும்போது சேகர், தட்டைப் பார்த்துக்கொண்டே:

"காப்பு அவுத்த மறுநாள் நாங்க கெளம்பறோம். மாலா அண்ணன் மாவ்பியில வூடு பாத்துட்டாரு. வூட்டு லிஸ்ட்டப் பிரிச்சுக்கறோம். அதுல தலைவன் நான். புள்ள எப்ப ஆடணும்னு நான் சொல்லுவேன். மழ முடிஞ்சதும் சேத்துக்கறேன்னு சயா சொல்லிட்டாரு."

"மழ முடியும்போது பதினொண்ணு முடிஞ்சிருக்கும். பன்னெண்டு இல்ல."

"அப்பா, நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

விழுந்தது. இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன். மாலா ஊற்றினாள்.


பங்குனி 12, புதன்

சூடு. பெட்டிகள் இரண்டு கூடத்துக்கு வந்துவிட்டன. வெள்ளிவரைக்கும் பொறுக்க முடியவில்லை அவர்களுக்கு.

செய்ய வேண்டியவை:

சேகர்: போக வேண்டுமானால் போகலாம். பிள்ளையின் பெயரை என் பட்டியலில் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

குமாஸ்தா: நான் நேரில் வராமல் எந்தப் பெயரையும் அடிக்கக் கூடாது. நாளை காலை போய்ச் சொல்ல வேண்டும். மோட்டாரையும் ஞாபகப்படுத்த வேண்டும்.

மாலா: அண்ணனுக்குப் போன் செய்து அந்த வீடு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வெள்ளிக்குப் பால் நாலு லிட்டர், முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும்.

சயா: பன்னிரண்டு முடிந்து வரட்டும். வந்தால் நடுவில் நிறுத்துவதாக என் எதிரில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வரவே வேண்டாம்.

யூ யூ: என் பேத்தியோடு மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசுவதை நிறுத்த வேண்டும்.

பூசாரி: காப்பை நான் வந்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும்.

நான்: எதுவும் இல்லை. என் வேலை முடிந்தது.

தேவி: தாத்தா என்று கூப்பிட வேண்டும். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குத் தலை குளித்து நிற்க வேண்டும். கோவில்வரை வெறுங்கால், குடத்தில் இருந்து ஒரு சொட்டுச் சிந்தக் கூடாது. அழுவதானால் நாளைக்குள் அழுது முடித்துவிட வேண்டும்.