வேவு பார்க்க வந்த ஸ்கூட்டர்

கொண்டாப்பூர்
13.12.2010

அப்பாவுக்கு வணக்கம்.

உங்கள் சர்க்கரையும் அம்மாவின் முதுகுவலியும் எப்படி இருக்கின்றன? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான். ஓட்டம் என்றாலே போனை வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் அரைக்கால் சட்டை போட்டு ஓடுகிறேனா என்று பார்த்துச் சொல்ல, குகட்பள்ளியில் இருக்கும் உங்கள் நண்பர் கிட்டு மாமாவை ஏவியிருக்கிறீர்கள். வெட்கமாக இல்லையா? விடியற்காலைக் குளிரில் பாவம், அவர் ஸ்கூட்டரில் என் பின்னாலேயே வருகிறார். போன வாரம் வேகத்தடையில் தடுக்கி விழுந்தேன். வெறும் சிராய்ப்புதான். ஓடிவந்து தூக்கியவர் அவர். "நக்கோம்மா, வேண்டாம்மா, விழுந்ததை அப்பாகிட்ட சொல்லாதே. என்னைத்தான் வைவான்" என்றார். அவரை ஒரு வார்த்தை சொன்னீர்களோ, பொங்கலுக்கு ஊருக்கு வரமாட்டேன்.

இப்போது எட்டு கிலோமீட்டர் நிற்காமல் ஓடுகிறேன். வருகிற ஆகஸ்டில் அரை மாரத்தான், இருபத்தொரு கிலோமீட்டர். பெண் பார்க்க வருகிறவர்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

முழங்காலில் கட்ட உங்கள் பழைய வேட்டி ஒன்று அனுப்புங்கள். கடையில் வாங்கிய துணி உறுத்துகிறது.

நேற்று மாமா தண்ணீர் பாட்டிலை நீட்டி, "இன்னும் கொஞ்சம்தான், விடாதே, ஓடு!" என்று கத்தினார். அது நீங்கள் செய்ய வேண்டிய வேலை.

ஆபீஸ் கேப் கீழே ஹார்ன் அடிக்கிறது. இனிமேல் வேவு பார்க்க ஆள் அனுப்பாதீர்கள். நீங்களே வாருங்கள்.

சௌம்யா