நாலாவது நாள்

கைக்குட்டை பறந்துவிடாமல் இருக்க அதன் மேல் ஒரு கல்லை வைத்திருக்கிறேன். உம்முடைய அதே நீலக் கட்டம் போட்ட கைக்குட்டைதான். உம் வீட்டு மதினி துவைத்து மடித்துக் கொடுத்திருந்தார்கள். எத்தனை முறை துவைத்தால் என்ன, ஈரக்காற்று பட்டதும் ரயில் பெட்டியின் இரும்பு வாடை அதிலிருந்து கிளம்பிவிடுகிறது. முன்னால் கடல், பின்னால் சவுக்கு மரங்கள், நடுவில் இந்த மர பெஞ்சு. மணி ஆறேகால். ஏழு மணிக்குப் படகு கிளம்பும். என் பை கட்டித் தயாராகக் காலடியில் இருக்கிறது. அதனால்தான் உமக்கு எழுத உட்கார்ந்தேன்.

இந்தத் தீவின் பெயரை எழுதப் போவதில்லை. அது நீர் என்னிடம் வாங்கிய சத்தியம். "பேரை வெளிய சொன்னீரோ, அடுத்த மாசமே ஒருத்தன் இங்க ஸ்கூட்டர் வாடகைக்கு விடுவான் வே" என்றீர். இன்றுவரை காரோ ஸ்கூட்டரோ வரவில்லை. மூன்று சைக்கிள்களும் ஒரு கைவண்டியும் இருக்கின்றன. போன முறை இரண்டு சைக்கிள். வளர்ச்சி என்று ஒன்று இருக்கத்தானே செய்யும்.

நமக்குள் பழக்கம் எப்படி ஏற்பட்டது என்று யாராவது கேட்டால் சொல்லுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பம்பாய் லோக்கல் ரயிலில் நீர் அம்பர்நாத்தில் ஏறுவீர். வண்டி கிளம்புகிற இடம், உட்கார இடம் கிடைக்கும். நான் காட்கோபரில் ஏறுவேன். அங்கே ஏறுவதற்கே இடம் கிடைக்காது, கூட்டம் என்னை உள்ளே வைக்கும். எட்டுப் பத்துக்கு வண்டி நின்றதும் நீர் எழுந்துகொள்வீர். "காட்கோபர் வந்துட்டு. உக்காரும் வே." அங்கிருந்து கடைசி ஸ்டேஷன் வி.டி. வரை நீர் நிற்பீர், நான் உட்கார்ந்திருப்பேன். பாதி தூரம் ஒருவர், மீதி தூரம் மற்றவர் என்பது அந்த வண்டியில் பலருக்கும் உள்ள ஏற்பாடுதான். ஆனால் பலருடைய ஏற்பாடு ஒரு மழைக்காலம் தாங்காது. நம்முடையது இருபத்திரண்டு வருடம் ஓடியது. அதில் ஒருநாள்கூட உம்மை எழுந்திருக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. மாலையில் வி.டி.யில் வண்டி நிற்பதற்குள் ஓடிப்போய் ஏறி, ஜன்னலோரத்தில் நீர் உட்கார்ந்து, பக்கத்தில் எனக்கு இந்தக் கைக்குட்டையைப் போடுவீர். யாராவது முறைத்தால் "ஆத்மி ஹை" என்பீர். ஆள் இருக்கிறது. பம்பாயில் அதைவிடப் பெரிய பத்திரம் கிடையாது.

நீர் கப்பல் கம்பெனி குமாஸ்தா. முப்பத்தாறு வருடம் கப்பல்களுக்குத் தபால் எழுதினீர்; தண்ணீரில் கால் வைத்ததில்லை. நான் காப்பீட்டு ஆபீசில் விபத்து மனுக்களை நிராகரிக்கிற பிரிவு. விபத்தில்லாமல் வாழ்ந்தேன் என்பதுதான் என் சாதனை. இப்படிப்பட்ட இரண்டு பேர் தீவுக்குக் கிளம்பியதற்குக் காரணம் உம்முடைய ஆபீஸ் பியூன். கொங்கணக் கரைக்காரர். தன் ஊருக்கு எதிரே ஒரு தீவு இருப்பதாகவும், அங்கே வண்டி வாகனமே கிடையாது என்றும் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை நீர் எழுந்து எனக்கு இடம் கொடுத்துவிட்டு, என் தலைக்கு மேல் தொங்கியபடி மஸ்ஜித் ஸ்டேஷன் வரைக்கும் அதையே பேசிக்கொண்டு வந்தீர்.

"ஆட்டோகூட இல்லையாம் வே."

"அப்ப எப்படிப் போறது?"

"எங்க போறது? போறதுக்கு ஒண்ணுமில்லேங்கதுதானே அங்க விசேஷம்!"

நான்கு நாள் லீவு எழுதிப் போட்டோம். உமக்கு ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. அதுவரை காத்திருக்கலாமே என்றேன். "அதுக்கப்புறம் எதுக்கு வே லீவு? வேலை இருக்கும்போது போனாத்தான் அது லீவு" என்றீர். அதை மறுக்க எனக்கு எந்த விதியும் கிடைக்கவில்லை.

வந்து இறங்கிய அழகை மறக்க முடியாது. படகு இந்தக் கரையை நெருங்கியது. இன்னும் இரண்டு ஆள் நீளம் தண்ணீர் இருந்தது. நீர் பையை மார்பில் அணைத்துக்கொண்டு குதித்துவிட்டீர். வி.டி.யில் வண்டி நிற்கும் முன் ஏறி இறங்கிப் பழகிய உடம்பு. முழங்கால் வரை தண்ணீர், பிறகு இடுப்பு வரை, பிறகு நீர் உட்கார்ந்தேவிட்டீர். உமக்குப் பின்னால் குதிக்க என் காலும் உயர்ந்திருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். படகுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "காகா, ஹீ லோக்கல் நாஹி!" பெரியவரே, இது லோக்கல் வண்டி இல்லை. தண்ணீரில் உட்கார்ந்தபடியே நீர் என்னைப் பார்த்து, "எடம் புடிச்சாச்சு, மெதுவா வாரும்" என்றீர்.

அதோடு முடியவில்லை. படகுக்காரர் வீட்டு அறையிலிருந்து கடற்கரைக்கு வரும் ஒற்றையடிப் பாதையைக் கடக்குமுன் நின்று, வலப்பக்கமும் இடப்பக்கமும் பார்த்தீர். வந்தது ஒரு கோழி. அது போகும்வரை இருவரும் காத்திருந்தோம். பிறகு இந்த பெஞ்சு. நான்கு பேர் தாராளமாக உட்காரலாம்; சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மனிதன் இல்லை; ஒரு பிளாஸ்டிக் பாட்டில்கூட இல்லாத மணல். நாமோ ஒரு ஓரத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். ரயிலில் மூன்று பேர் இருக்கையில் நாலாவதாகத் தொற்றிக்கொண்டு உட்காருகிறவன் எப்படி உட்காருவான், அப்படி. அரைமணி நேரம் கழித்து நீர்தான் கவனித்தீர். "எதுக்கு வே நெருக்குதீரு?" என்றீர். நகர்ந்து உட்கார முயன்றேன். ஐந்து நிமிடத்தில் பழைய இடத்துக்கே வந்துவிட்டோம்.

இரண்டாம் நாள் மத்தியானம் மீன் குழம்பும் அரிசி ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு இந்த மரத்தடியில் பாய் விரித்துத் தூங்கினீர். பொழுது சாயும்வரை தூங்கினீர். உம்மை ரயிலில் நின்றுகொண்டு தூங்கியே பார்த்திருக்கிறேன். படுத்துத் தூங்கி அன்றுதான் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. ஒரு நண்டு உம் செருப்புக்குள் போய், பிடிக்காமல் வெளியே வந்தது. இரண்டு முறை குனிந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். அவ்வளவு களைப்பு உம்மிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. நான் உட்கார்ந்து போன தூரமெல்லாம் நீர் நின்ற தூரம் என்ற சின்னக் கணக்குக்கூட அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

நீர் தூங்கினீர், எனக்கு முடியவில்லை. காட்கோபரில் என் வீட்டுக்கு மேலே விமானம், முன்னே பேண்டு வாத்தியம், பக்கத்தில் குக்கர். அதில் ஐம்பது வருடம் ஊறியவனைத் திடீரென்று வெளியே எடுத்துப்போட்டால் மீன் மாதிரி ஆகிவிடுகிறான். மூன்றாம் நாள் காலையில் காதுக்குள் என் ரத்தம் ஓடுவதே கேட்டது. அது அப்படி ஒன்றும் கேட்கத் தகுந்ததாக இல்லை.

உமக்கோ நாலாவது நாள்தான் குறி. வந்ததிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தீர். "மொத நாள் வந்தோம்னு இருக்கும். ரெண்டாம் நாள் பாத்தோம்னு இருக்கும். மூணாம் நாள் போவணும்னு இருக்கும். நாலாம் நாள்தான் வே, இருக்கோம்னு இருக்கும். அன்னைக்கு ஒண்ணுமே செய்யக் கூடாது. காலையில இந்த பெஞ்சுல உக்காந்தா இருட்டுற வரைக்கும் உக்காந்தே இருக்கணும். நான் ஆசை தீர உக்காரணும்."

அந்த மூன்றாம் நாள் மத்தியானம், கோயிலுக்குப் பின்னாலிருக்கும் மேட்டுக்குப் போனேன். தீவில் போன் பேச முடிகிற ஒரே இடம். திரும்பி வந்து உம்மிடம் சொன்னேன்.

"சொசைட்டியில இருந்து போன் வே. பழைய பில்டிங்கை இடிச்சுக் கட்டுறதுக்கு பில்டர் நாளைக்குக் கையெழுத்து வாங்க வர்றானாம். நான் இல்லேன்னா மொத்தப் பில்டிங்கும் நின்னுரும்."

நீர் என்னைப் பார்த்தீர். பெஞ்சைப் பார்த்தீர். "பில்டிங் நின்னா நல்லதுதானே வே" என்றீர். பிறகு எழுந்து, வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினீர். "சரி, போவோம்."

நான் தனியாகப் போகிறேன், நீர் இரும் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல முடியும் என்பதே படகு பாதித் தூரம் வந்த பிறகுதான் தோன்றியது. மறுநாள் காலை ஏழு மணிப் படகில் நம்மைத் தவிர யாருமில்லை. ஆனாலும் நீர் முதலில் ஏறி, எனக்கு நிழலில் கைக்குட்டை போட்டு வைத்திருந்தீர்.

பில்டர் வரவில்லை என்று உமக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் கட்டடம் இன்னும் நிற்கிறது, பெருமளவுக்கு. வாசலில் புதிதாக ஒரு விளம்பரப் பலகை வைத்திருக்கிறார்கள்: முப்பத்தெட்டாவது மாடியில் தீவின் அமைதி. அடியில் நான்கு கார் நிறுத்த இடமாம்.

நாம் திரும்பி நான்காம் மாதம் நீர் போய்விட்டீர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. யாருக்கும் லீவு போடும் சிரமம் தராமல் நாள் பார்த்திருந்தீர். உம் ஆபீசில் ஓய்வு விழாவுக்கு முன்கூட்டியே வாங்கியிருந்த சால்வையை, வீணாக்க வேண்டாம் என்று அன்றே கொண்டுவந்து போர்த்தினார்கள். திங்கட்கிழமை எட்டுப் பத்து வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அம்பர்நாத்துக்குப் போயிருந்தேன். மதினி காப்பி கொடுத்துவிட்டு இந்தக் கைக்குட்டையை எடுத்துவந்து என் மடியில் வைத்தார்கள்.

"இது ஒங்க பாத்தியதை, அண்ணாச்சி. ஒங்களுக்கு எடம் போட்டதுதானே."

பிறகு கொஞ்சம் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது எனக்குப் பயமாக இருந்தது.

"அந்தத் தீவுக்குப் போனீகள்லா, மூணாம் நாளு எனக்குப் போன் போடணும்னு அவுக வெள்ளனவே மேட்டுக்குப் போயிருக்காக. டவர் செத்துக் கெடந்துச்சாம். மத்தியானமும் இல்லையாம், பொழுதடையிற வரைக்கும் இல்லையாம். ஒங்களுக்கு மட்டும் எந்த டவர்ல பில்டர் பேசுனான்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாக."

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். "கோவமா இருந்தாரா மதினி?"

"கோவமா! நானும் கேட்டேன், பொய்யின்னு தெரிஞ்சும் ஏன் கெளம்புனீகன்னு. 'மனுசனுக்கு நிக்க முடியலை, தெரியுதுல்லா. எந்திரிச்சு எடம் குடுத்துட்டேன்'ன்னாக. அவ்வளவுதான். அப்புறம் தூங்கிட்டாக."

இருபத்திரண்டு வருடம் நிராகரிப்புக் கடிதம் எழுதியவன் நான். எந்த மனுவுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவேன். அன்று அம்பர்நாத்திலிருந்து திரும்பும் வண்டியில் எனக்காக ஒரு காரணம் தேடினேன். வண்டி காலியாகத்தான் இருந்தது. காட்கோபர் வரை நின்றுகொண்டே வந்தேன். அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை, ஒரு பையன் தன் பையை நீட்டி வைத்துக்கொள்ள இடம் கிடைத்ததைத் தவிர.

இப்போது நானும் ஓய்வு பெற்றாயிற்று. நீர் சொன்னது சரி. லீவு என்று ஒன்று இனி இல்லை. மூன்று நாள் முன்பு இங்கே வந்தேன். படகு நின்ற பிறகுதான் இறங்கினேன், படகுக்காரருக்கு ஏமாற்றம். முதல் நாள் வந்தோம் என்றிருந்தது. இரண்டாம் நாள் பார்த்தோம் என்றிருந்தது. மூன்றாம் நாள், அதாவது நேற்று, நீர் சொன்னபடியே ஆயிற்று. மேட்டுக்குப் போய் நின்றேன். டவர் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. யாரிடம் பொய் சொல்லிக் கிளம்புவது என்று தெரியாமல், கீழே வந்து பையைக் கட்டினேன்.

ஏழு மணி ஆகுமுன் படகுக்காரர் வந்தார். என் பையைப் பார்த்தார்.

"காகா, ஆத்தே க்யா?" வருகிறீரா என்று கேட்டார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஒத்துக்கொள்கிறேன், மூன்று நாளில் நான் கேட்ட மிக இனிமையான ஓசை அதுதான். எழுந்து பையின் வாரில் கைகூட வைத்துவிட்டேன். அவர் பெஞ்சின் மேலிருந்த கைக்குட்டையைக் காட்டி, யார் வருகிறார்கள் என்று கேட்டார். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஆத்மி ஹை."

அவர் ஒருமுறை சுற்றுமுற்றும் பார்த்தார். பம்பாயில் யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை. இங்கேயும் அவர் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார். படகின் சத்தம் தேய்ந்து தேய்ந்து, நண்டு நடக்கிற சத்தத்துக்கும் கீழே போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு இன்னும் பழகவில்லை. காது குடைகிறது, கால் ஆடுகிறது, ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நாலாவது நாளில் நீர் எதைக் காணப்போகிறீர் என்று நினைத்தீரோ, அது எனக்குத் தட்டுப்படும் என்ற நம்பிக்கையும் இல்லை. அது உம்முடைய நாள். இருட்டுகிற வரைக்கும் அதை யாரும் எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள மட்டும்தான் என்னால் முடியும்.

மணி எட்டுப் பத்து. கல்லை எடுத்துவிட்டேன். கைக்குட்டையையும் எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தாயிற்று. எழுந்து நிற்கிறேன்.

காட்கோபர் வந்துட்டு. உக்காரும் வே.